பைனாகுலரால் தூரம் அளந்து பறவைகளை எண்ணுவது: குமரி மாவட்டக் குளங்களுக்கும் கடற்கரைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

சுசீந்திரம் குளக்கரையில் அடுத்தடுத்து நிற்கும் இருவர் ஒரே வாத்துக் கூட்டத்தை எண்ணினாலும் இரு வேறு எண்ணிக்கைகள் வரும். அது பெரிய குறை அல்ல. அந்த எண்ணிக்கை எவ்வளவு தூரம் வரைக்கும் உரியது என்று இருவருமே எழுதாமல் விடுவதுதான் குறை. ஒருவர் 150 மீட்டருக்குள் தெளிவாகத் தெரிந்தவற்றை மட்டும் எண்ணியிருப்பார். மற்றவர் அக்கரையில் புள்ளியாகத் தெரிந்தவற்றையும் சேர்த்திருப்பார். அடுத்த ஆண்டு மூன்றாமவர் வந்து இந்த இரண்டு எண்களையும் தம்முடையதோடு ஒப்பிட்டு, பறவைகள் குறைந்துவிட்டன என்றோ கூடிவிட்டன என்றோ முடிவு செய்வார். தூரம் குறிக்கப்படாத எண்ணிக்கையிலிருந்து அப்படி ஒரு முடிவுக்கு வரவே முடியாது.

இந்த மாவட்டத்தில் அந்த அக்கறைக்குக் கூடுதல் காரணம் உண்டு. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. நாம் எழுதிக் கொடுக்கும் எண்ணைப் பின்னால் யாரோ ஒருவர் எடுத்து ஒப்பிடப்போகிறார். அவருக்குப் பயன்படும்படி எழுத வேண்டும்.

எந்தக் கருவி

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கப்பல்களில் பயன்படும் 7×50 பைனாகுலர் (7 மடங்கு பெருக்கம், 50 மி.மீ. முன்கண்ணாடி). அதன் ஒரு குழலுக்குள் அளவுகோல் போன்ற கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். பேட்டரி வேண்டாம், எவ்வளவு தொலைவுக்கும் வேலை செய்யும். ஆனால் நாம் கணக்குப் போட வேண்டும். இரண்டாவது, சாதாரண 8×42 பைனாகுலருடன் தனியாக ஒரு கையடக்க லேசர் தூரமானி. கோல்ஃப் ஆடுபவர்களுக்காக விற்கப்படுவது போதும். மூன்றாவது, லேசர் உள்ளேயே பொருத்தப்பட்ட பைனாகுலர். வசதியானது, விலை மிக அதிகம்.

கல்லூரிக் குழுவுக்கோ ஊர்ப் பறவை ஆர்வலர்களுக்கோ நான் சொல்வது முதல் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. குழுவுக்கு ஒரு தூரமானி, ஒரு கோட்டுப் பைனாகுலர் போதும். மற்றவர்கள் தங்களிடம் உள்ளதைக் கொண்டு எண்ணலாம்.

மூன்றாவது வகையை வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இவை பெரும்பாலும் வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளின் வேட்டைக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே லேசரால் தூரத்தை அளந்து, குண்டு பறக்கும் வழியில் எவ்வளவு தாழும் என்று கருவியே கணக்கிட்டு, துப்பாக்கியின் மேலுள்ள தொலைநோக்கியின் திருகை எத்தனை சொடுக்குத் திருப்ப வேண்டும் என்பதைத் திரையில் காட்டும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அந்த வசதிக்கு இங்கே இடமில்லை. ஆனால் அதை அணைக்காமல் விட்டால் திரையில் தெரியும் எண் உண்மையான தூரமாக இராது. சரிவுக்கு ஏற்பத் திருத்தப்பட்ட எண்ணாகவோ, திருகுக்கான எண்ணாகவோ இருக்கும். அமைப்புகளுக்குள் சென்று நேர்க்கோட்டுத் தூரத்தை மட்டும் காட்டும்படி வையுங்கள். கோல்ஃப் கருவியிலும் சரிவுத் திருத்தத்தை அணையுங்கள்.

அப்படியே அலகையும் பாருங்கள். பல கருவிகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது கஜத்தில் காட்டும். ஒரு கஜம் 0.9144 மீட்டர். 500 என்று படித்தது உண்மையில் 457 மீட்டர். ஒரு பருவம் முழுவதும் எடுத்த குறிப்பைக் கெடுக்க இது ஒன்றே போதும்.

மில் கணக்கு

கோட்டுப் பைனாகுலரில் கோடுகள் மில் என்ற கோண அளவில் இருக்கும். ஒரு மில் என்பது 1000 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் உயரம் பிடிக்கும் கோணம். 100 மீட்டரில் அதுவே 10 செ.மீ. இதிலிருந்து எல்லாம் பிறக்கிறது:

தூரம் = பொருளின் உயரம் × 1000 ÷ மில்

உயரம் மீட்டரில் இருந்தால் தூரமும் மீட்டரில் வரும். நீங்களே அளந்து வைத்த 2 மீட்டர் மூங்கில் கழி அக்கரையில் 8 மில் காட்டினால் அது 250 மீட்டரில் நிற்கிறது. இதே வாய்ப்பாட்டைத் திருப்பினால் அளவு கிடைக்கும்: தூரத்தை மில்லால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் பொருளின் உயரம்.

பறவையின் உயரத்தை வைத்தே தூரத்தைக் கணக்கிடலாமே என்று பலர் கேட்பார்கள். சங்குவளை நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், 4 மில் காட்டினால் 250 மீட்டர் என்று சொல்லிவிடலாம் அல்லவா? நான் அதை நம்புவதில்லை. நாரையின் கால் எவ்வளவு தண்ணீருக்குள் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. கழுத்தை மடக்கியிருக்கலாம். 4 மில்லைப் படிக்கும்போது கண் அரை மில் தவறினாலே தூரம் எட்டில் ஒரு பங்கு பிசகிவிடும். 20 மில் காட்டும் பொருளில் அதே அரை மில் தவறினால் நாற்பதில் ஒரு பங்குதான் பிசகும். ஆகவே பெரிய, அசையாத, அடி முதல் முடி வரை தெரிகிற பொருளையே அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவியைச் சரிபார்த்தல்

முதலில் கண்ணைச் சரிசெய்ய வேண்டும். கோடுகள் ஒரு குழலில்தான் இருக்கும். அந்தக் கண்ணை மட்டும் திறந்து, கோடுகளும் தொலைவிலுள்ள பொருளும் ஒருசேரக் கூர்மையாகத் தெரியும் வரை திருகுங்கள். பிறகு மற்றக் கண்ணை. அடுத்தவரிடம் கொடுத்து வாங்கும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்தாக வேண்டும்.

அடுத்து கோடுகளின் மதிப்பு. ஒரு கோட்டுக்கு 5 மில்லா 10 மில்லா என்பது தயாரிப்பைப் பொறுத்து மாறும். கையேடு தொலைந்திருந்தால் கவலை வேண்டாம். நீண்ட நாடாவால் 100 மீட்டர் அளந்து, அங்கே 1 மீட்டர் கழியை நிறுத்துங்கள். அது பிடிக்கும் இடைவெளி 10 மில்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு சோதனைப் பொருள் கடலிலேயே நிற்கிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. அதில் பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் பீடமாகவும் மற்ற இரண்டு பால்களின் 95 அதிகாரங்கள் சிலையாகவும் அமைந்த அந்தக் கணக்கு நமக்கு இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. பீடம் 11.6 மீட்டர், சிலை 29 மீட்டர். கடற்கரையில் ஓரிடத்தில் நின்று லேசரால் சிலையை அளவுங்கள். 500 மீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பீடம் 23 மில் அளவில் தெரிய வேண்டும், சிலை 58 மில். உங்கள் கோடுகள் வேறு எண்ணைக் காட்டினால் லேசரிலோ கோட்டிலோ ஒன்றில் பிழை. சுசீந்திரம் கோபுரமும் 134 அடி உயரம் கொண்டதுதான், ஆனால் அக்கரையிலிருந்து பார்க்கும்போது அடிப்பாகம் வீடுகளாலும் தென்னைகளாலும் மறைந்துவிடும். அதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

லேசர் எங்கே ஏமாற்றும்

தூரமானி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 1000 மீட்டருக்குப் போய்வர ஒளிக்கு ஏறத்தாழ 6.7 மைக்ரோ நொடி ஆகும். கருவிக்குத் தெரிவது அந்த நேரம் மட்டும்தான். எதில் பட்டுத் திரும்பியது என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பொறுப்பு நம்முடையது.

நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக விழும் ஒளி முன்பக்கமாகவே தெறித்துப் போய்விடும், நம்மிடம் திரும்பாது. ஆகவே குளத்து நீரைக் குறிவைத்தால் தூரமானியின் திரையில் வெறும் சிறுகோடுகள்தான் மின்னும், எண் வராது. வந்தாலும் அது முன்னால் உள்ள தாமரை இலையின் தூரமாகவோ பின்னால் உள்ள கரையின் தூரமாகவோ இருக்கும். பறவையைக் குறிவைப்பதும் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். ஒளிக்கற்றை 2 மில் விரிகிறது என்றால் 400 மீட்டரில் அதன் அகலம் 80 செ.மீ. நெடுங்கால் உள்ளானின் உடல் அதில் ஒரு சிறு பங்கு. பெரும்பகுதி ஒளி அதைத் தாண்டிச் சென்று பின்னால் உள்ள எதிலோ படும்.

ஆகவே பறவையை அளக்காதீர்கள். பறவைக்குப் பக்கத்தில் உள்ள திடமான பொருளை அளவுங்கள்: மதகுக் கல், வரப்பு, பட்டுப்போன மரம், மீன்பிடிக்க நட்ட கம்பு. கருவியில் முதல் இலக்கு, கடைசி இலக்கு என்று இரண்டு முறைகள் இருந்தால், நாணலுக்குப் பின்னால் உள்ள கரையை அளக்கக் கடைசி இலக்கையும், தனித்து நிற்கும் கம்பை அளக்க முதல் இலக்கையும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். மூன்றும் வெகுவாக மாறினால் அந்தக் குறியையே விட்டுவிடுங்கள்.

மூடுபனியிலும் தூறலிலும் எட்டும் தூரம் வெகுவாகக் குறையும். சாலை அறிவிப்புப் பலகைகள் ஒளியை நன்றாகத் திருப்பித் தருவதால் அவற்றில் தூரம் கூடும். தரமான தூரமானிகள் கண்ணுக்குப் பாதுகாப்பான முதல் வகுப்பு லேசரைச் சேர்ந்தவை. பெட்டியில் அந்தக் குறிப்பு இல்லாத மலிவுப் பொருளை வாங்காதீர்கள். லேசர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தப் பைனாகுலரையும் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது.

குளத்தில் செய்யும் முறை

முதல் நாளில் எண்ணவே வேண்டாம். தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் எதுவானாலும் கரையில் நிலையான சில நிற்குமிடங்களைத் தேர்ந்தெடுங்கள். காலையில் எண்ணுவதானால் கிழக்குக் கரை, வெயில் முதுகில் விழ வேண்டும். மாலையில் மேற்குக் கரை. நிற்குமிடம் அடுத்த ஆண்டும் இருக்கக்கூடியதாக, மறுகால் சுவர், மடைப்படி போன்றதாக இருக்கட்டும். கரையோர வயல் ஒருவருக்கு உரியது, தாமரை பறிப்பு வேறொருவரின் பிழைப்பு. அவர்களிடம் முதலில் பேசிவிடுங்கள். குளத்தில் எந்த மூலையில் தண்ணீர் எப்போது வற்றும் என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

ஒவ்வொரு நிற்குமிடத்திலிருந்தும் தெரியும் எல்லாத் திடப்பொருள்களையும் லேசரால் அளந்து ஒரு கைப்படம் வரையுங்கள். அதில் 100, 200, 400 மீட்டர் வளையங்களைக் குறியுங்கள். அந்தந்த வளையத்தின் ஓரத்தில் எந்தக் கல், எந்த மரம் வருகிறது என்பது கணக்கெடுப்பு நாளில் பார்த்தவுடன் தெரிய வேண்டும். வளையத்தில் குறி எதுவும் கிடைக்காத இடத்தில், 2 மீட்டர் கழியுடன் ஒருவரைக் கரையோரம் நடக்கச் சொல்லி மில் கணக்கால் நிரப்பலாம். 200 மீட்டரில் அந்தக் கழி 10 மில், 400இல் 5 மில். கரையின் உயரத்தால் வரும் சாய்வைப் பொருட்படுத்த வேண்டாம். 3 மீட்டர் உயரத்திலிருந்து 200 மீட்டர் அளந்தால் உண்மையான கிடைத்தூரம் அதைவிட இரண்டு செ.மீ. தான் குறைவு.

எண்ணும் நாளில் வளையம் வளையமாக எண்ணுங்கள். அருகிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அருகில் உள்ளவைதான் முதலில் பறந்து போகும். நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், ஊசிவால் வாத்து என்று ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று கட்டங்கள்.

இப்படிப் பிரித்து எழுதுவதால் என்ன கிடைக்கிறது? கரையில் நிற்பவருக்கு முன்னால் உள்ள அரைவட்டத்தில் 200 மீட்டர் வரைக்கும் பரப்பு 6.3 ஹெக்டேர். 200 முதல் 400 வரை 18.8 ஹெக்டேர், அதாவது மூன்று மடங்கு. உள்வட்டத்தில் 12 முக்குளிப்பான்களும் வெளிவட்டத்தில் 9 முக்குளிப்பான்களும் எண்ணினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீர்ப்பரப்பு இரண்டிலும் ஒரே தன்மையுடையதானால் வெளியே 36 இருந்திருக்க வேண்டும். மீதி எங்கே? பெரும்பாலும் அவை அங்கேயே இருக்கின்றன, நம் கண்ணுக்குத் தப்பிவிட்டன. கூழைக்கடா போன்ற பெரிய பறவைக்கு இந்தச் சரிவு வராது. சிறிய பறவைக்கு வரும். தூரம் ஏற ஏறக் கண்டுபிடிப்பது எவ்வளவு குறைகிறது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் உண்மையான அடர்த்தியை மதிப்பிடுகிறார்கள். நாம் வளையத்தை எழுதாவிட்டால் அந்தக் கணக்கை எவராலும் போட முடியாது. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்ற முடியும் என்பவர்கள் இதைப் பின்பற்றுங்கள்.

இன்னொரு குறிப்பையும் சேர்த்து எழுதப் பழகுங்கள். கரையில் நடக்கும்போது பறவை முதலில் தலையைத் தூக்கும் தூரம், பிறகு பறந்து எழும் தூரம். இரண்டையும் பக்கத்துப் பொருளை அளந்து குறியுங்கள். எந்தத் தூரத்தைத் தாண்டி யாரும் நெருங்கக் கூடாது என்பதைச் சொல்ல அதுவே ஆதாரம்.

மணக்குடியிலும் உப்பளத்திலும்

பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்தில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். சென்ற மாதக் கைப்படம் இந்த மாதம் செல்லாது. பாலத்தின் தூண்களே நிலையான குறிகள். 2004 ஆழிப்பேரலையில் பழைய பாலம் அடித்துச் செல்லப்பட்ட பிறகு கட்டப்பட்டது இது. பாலத்தின் மேல் நின்று மில் படிக்காதீர்கள். வண்டிகள் போகும்போது எழும் அதிர்வில் கோடுகள் நடுங்கும்.

திட்டில் அமர்ந்த ஆலாக்களை அளவால் பிரிக்க ஆசை வரும். பெரிய கொண்டை ஆலா அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், சிறிய கொண்டை ஆலா 40 செ.மீ. அளவு. 200 மீட்டரில் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு அரை மில்கூட இல்லை. அதை எந்தக் கண்ணும் நம்பிக்கையாகப் படிக்காது. அலகின் நிறத்தைப் பாருங்கள், மஞ்சளா ஆரஞ்சா என்று. மில் கணக்கு உதவுவது, பக்கத்தில் ஒப்பிட வேறு பறவை இல்லாமல் ஒரே ஒரு பறவை தனியாக நிற்கும்போது, அது உள்ளான் அளவா நாரை அளவா என்ற பெரிய சந்தேகத்தைத் தீர்க்கத்தான்.

புத்தளம் உப்பளங்களில் வெயில் ஏறியதும் தரைக்கு மேல் காற்று அலையாடத் தொடங்கும். பறவைகளின் கால்கள் உருகி ஓடுவது போலத் தெரியும். காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

முட்டத்தில்: தொடுவானத்தை அளவுகோலாக்குவது

கடலில் லேசரைப் பட்டுத் திரும்பச் செய்யப் பொருளே இல்லை. இங்கேதான் கோட்டுப் பைனாகுலர் தன் முழு மதிப்பைக் காட்டுகிறது. திமிங்கிலங்களையும் கடற்பறவைகளையும் எண்ணுபவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் முறை இது. தொடுவானத்திலிருந்து பறவை அமர்ந்திருக்கும் நீர்மட்டம் வரை எத்தனை மில் கீழே இருக்கிறது என்று படித்தால் தூரம் கிடைத்துவிடும்.

அதற்கு உங்கள் கண் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கோணமும் காட்டும் தூரமானி இருந்தால் எளிது. கீழே அலை மோதும் பாறை ஒன்றை அளவுங்கள். 80 மீட்டர் தூரம், 15 பாகை கீழ்க்கோணம் என்றால் உயரம் 80 × சைன் 15, அதாவது 20.7 மீட்டர். முட்டத்தின் பாறைகளில் நிற்குமிடத்துக்கு ஏற்ப இது மாறும், ஆகவே ஒவ்வோர் இடத்திலும் அளக்க வேண்டும்.

அடுத்து, தொடுவானமே கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பூமியின் வளைவால் வரும் இந்தத் தாழ்வு மில்லில் 0.56 × √உயரம். 20 மீட்டர் உயரத்துக்கு 2.5 மில். இனி வாய்ப்பாடு:

தூரம் = உயரம் × 1000 ÷ (படித்த மில் + தாழ்வு)

20 மீட்டர் உயரத்திலிருந்து, தொடுவானத்துக்கு 17.5 மில் கீழே ஒரு வள்ளம் தெரிந்தால் அது 1000 மீட்டரில் இருக்கிறது. 7.5 மில் என்றால் ஏறத்தாழ 2000 மீட்டர். 4.5 மில்லுக்கு 3000 மீட்டரை ஒட்டி வரும். அதற்கு அப்பால் கோடுகள் நெருங்கிவிடும். அரை மில் தவறினாலும் தூரம் பல நூறு மீட்டர் மாறும், அங்கே எழுதும் எண்ணுக்குப் பொருளில்லை. 300 மீட்டர் அகலப் பட்டையில் மட்டும் எண்ணுவது கப்பலிலிருந்து செய்யும் கடற்பறவைக் கணக்கெடுப்பில் பரவலான வழக்கம். கரையிலிருந்து செய்பவர்களும் ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அதற்குள் எண்ணுவதே நல்லது.

இதே வேலையைக் கடற்கரை மணலில் நின்று செய்ய முடியாது. கண் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது 1000 மீட்டரில் உள்ள பறவை தொடுவானத்துக்கு ஒன்றேகால் மில்தான் கீழே தெரியும். உயரம்தான் இந்த முறையின் உயிர். நம் கடலில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே ஏறி இறங்குவதால் 20 மீட்டர் பாறையில் அதனால் வரும் பிழை சிறியது. மணலில் அந்த ஒரு மீட்டர் பாதிக் கணக்கையே விழுங்கிவிடும். தொடுவானம் மங்கலாக இருக்கும் நாளிலும் அளக்காதீர்கள். மேகத்தின் அடிவிளிம்பைத் தொடுவானம் என்று எடுத்துக்கொண்டால் எல்லா எண்களும் தவறாகப் போகும்.

நடைமுறைக் குறிப்புகள்

வனவிலங்குச் சரணாலயப் பகுதிக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. துறைமுகம், மீன்பிடித் தளம், கடலோரப் பாதுகாப்புப் பகுதி அருகே பெரிய பைனாகுலரோடு நிற்பதற்கு முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் சொல்லிவிடுவது நல்லது. அடையாள அட்டையும் கணக்கெடுப்புத் தாளும் கையில் இருக்கட்டும். மீனவர் வீடுகளை நோக்கிக் கருவியைத் திருப்பாதீர்கள்.

உப்புக்காற்று கண்ணாடிக்குப் பகை. உலர்ந்த உப்பை அப்படியே துடைத்தால் கண்ணாடிமேல் உள்ள பூச்சு கீறிவிடும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் முதலில் உப்பைக் கரைத்து எடுத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். தூரமானிக்கு மாற்றுப் பேட்டரி ஒன்று சட்டைப்பையில் இருக்க வேண்டும். கிராமத்துக் கடைகளில் அந்த வகை கிடைக்காது.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இவை இடம்பெறட்டும்: நாள், நேரம், நிற்குமிடம், கண் உயரம், கருவி, அலகு, காற்றும் வெளிச்சமும், அளவு பார்த்தவர் பெயர். அதற்குக் கீழே வளையக் கட்டங்கள். வளையம் தெரியாமல் எண்ணியதைக் கட்டத்துக்குள் ஊகித்துப் போடாதீர்கள். தூரம் அளக்கப்படவில்லை என்று தனியே ஒரு கட்டம் வைத்து அதில் எழுதுங்கள்.